ஸ்லாக் கீ கிட்டார்: மீட்டும் கைக்கு எத்தனை விரல்?

ஸ்லாக் கீ என்பது கம்பிகளைத் தளர்த்தி வாசிக்கும் ஹவாய் கிட்டார் பாணி. அதைப் பழக வருகிறவர்கள் டியூனிங்கைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். போனில் ஒரு டியூனர் செயலி இருந்தால் அது ஐந்து நிமிட வேலை. தலைவலி அதற்கப்புறம் வலது கையில் ஆரம்பிக்கிறது. எந்தக் கம்பியை எந்த விரலால் மீட்டுவது, மோதிரவிரலைச் சேர்ப்பதா விடுவதா, கட்டைவிரலுக்கு பிக் மாட்டுவதா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். காரணம் வரும்போது நடுவிரலைச் சேருங்கள். மோதிரவிரலுக்கென்று குறிப்பிட்ட சில வேலைகள்தான் உண்டு; அவை வரும்வரை அது சும்மா இருக்கட்டும். (இடதுகைக்காரர்கள் எல்லாவற்றையும் திருப்பிப் படித்துக்கொள்ளவும்.)

நம்மூரில் ஹவாயன் கிட்டார் என்றால் மடியில் படுக்கவைத்து இரும்புக் கட்டையை இழைத்து வாசிப்பதைத்தான் நினைப்பார்கள். ஸ்லாக் கீ வேறு. சாதாரண அகூஸ்டிக் கிட்டார், வழக்கமான பிடி, விரல் மீட்டு. கம்பிகள் மட்டும் தளர்ந்திருக்கும். 1830-களில் மாடு மேய்க்க ஹவாய்க்கு வந்த மெக்சிகோக்காரர்கள் வழியாக கிட்டார் அங்கே பரவியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. அதற்குப் பிறகு அது வீட்டுக்குள்ளேயே வளர்ந்த வித்தை. டியூனிங்கைக்கூடக் குடும்ப ரகசியமாக வைத்திருந்தார்கள். கேபி பஹினுயி என்ற ஹவாய்க் கலைஞர் 1946-ல் பதிவு செய்யும்வரை இசைத்தட்டு என்று ஒன்று கிடையாது. அதனால் கிளாசிக்கல் கிட்டாரில் இருப்பதுபோல விரலுக்கு எழுதிவைத்த சட்டம் இதில் இல்லை. இரண்டு விரலில் வாசித்த பெரியவர்களும் உண்டு, நான்கில் வாசிக்கிறவர்களும் உண்டு. சட்டம் இல்லை என்பதால் எந்த விரலானாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடாது. கட்டைவிரல் நிற்காமல் ஓட வேண்டும், மேலே பாட்டு தனியாகக் கேட்க வேண்டும். இந்த இரண்டுக்கும் உதவுகிற விரலே சரியான விரல்.

டாரோ பேட்ச் என்ற டியூனிங்கை எடுத்துக்கொள்வோம். ஆறாம் கம்பியிலிருந்து ஒன்றாம் கம்பிவரை டி, ஜி, டி, ஜி, பி, டி. வழக்கமான சுருதியிலிருந்து 6, 5, 1 ஆகிய மூன்றை மட்டும் இரண்டிரண்டு அரைச்சுரம் இறக்கினால் ஆயிற்று. ஜி-யை ஷட்ஜமாக வைத்துப் பாருங்கள்: 5 மந்தர ச, 4 மந்தர ப, 3 மத்ய ச, 2 அந்தர காந்தாரம், 1 ப. ஆறாவது, ஐந்தாவதற்கும் கீழே இருக்கிற பஞ்சமம். ஆக 6, 5, 4 மூன்றும் ச-ப மட்டுமே பேசுகின்றன. தம்புராவின் வேலையைக் கட்டைவிரல் எடுத்துக்கொள்கிறது. 3, 2, 1 பாட்டுக்கு. எல்லை இவ்வளவுதான்: தடித்த மூன்று கம்பி கட்டைவிரலுக்கு, மெல்லிய மூன்று மற்ற விரல்களுக்கு. விதிவிலக்குகள் பின்னால் வரும்.

கம்பி தளர்ந்திருப்பதால் விரலுக்கு என்ன ஆகிறது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு மாறும். இரண்டு அரைச்சுரம் இறக்கினால் இழுவிசையில் சுமார் 21 சதவீதம் போய்விடும். நான்கு அரைச்சுரம் இறக்கினால் 37 சதவீதம். தளர்ந்த கம்பியை வழக்கமான பலத்தோடு அடித்தால் அது அகலமாக ஆடி ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில்) இடித்து நரநரக்கும். அடித்த கணத்தில் சுருதி கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கி நிற்கும். கேட்கிறவருக்கு டியூனிங் சரியில்லாத மாதிரி படும். ஆறாம் கம்பி இரைகிறதென்று கடைக்குத் தூக்கிப்போய் பிரிட்ஜ் எலும்பை உயர்த்திக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் கிட்டார்மேல் குற்றமே இருக்காது, கட்டைவிரலின் பலம்தான் அதிகம். பலத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். கையை சவுண்ட் ஹோலின் நடுவிலிருந்து இரண்டு விரற்கடை பிரிட்ஜ் பக்கம் நகர்த்துங்கள். அதற்கும் நரநரப்பு போகவில்லையென்றால் 12 கேஜுக்குப் பதில் இன்னும் தடித்த 13 கேஜில் தொடங்கும் கம்பி செட் போடலாம். கழுத்து அதைத் தாங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், விலை குறைந்த கிட்டார்களில் குறிப்பாக.

இப்போது கையைக் கிட்டத்தில் பார்ப்போம். முன்கை கிட்டார் உடலின் மேல் விளிம்பில் சாய்ந்திருக்கட்டும், மணிக்கட்டு பலகையில் ஒட்ட வேண்டாம். மேலிருந்து குனிந்து பார்த்தால் கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரல் நுனியைவிட ஓரங்குலமாவது கழுத்துப் பக்கம் முன்னே தெரிய வேண்டும். கட்டைவிரல் கீழ்நோக்கி அடிக்கிறது, ஆள்காட்டி உள்ளங்கை நோக்கி மேலே வருகிறது. இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் மோதிக்கொள்ளும். மூன்றாம் கம்பியும் நான்காம் கம்பியும் சேர்ந்து ஒலிக்கும் இடங்களில் மட்டும் தடுமாறுகிறவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. கட்டைவிரலின் அசைவு அடிமூட்டிலிருந்து வர வேண்டும், நுனி மூட்டு மடங்கக்கூடாது. நுனி மடங்கினால் கம்பியின் அடியில் கொக்கி போட்டு இழுக்கும், பட்டென்று ஒரு சத்தம் வரும்.

கட்டைவிரல் ஒரு கம்பியை அடித்துவிட்டு அடுத்த கம்பியில் சாய்ந்து நிற்கலாமா? ஐந்தை அடித்து நான்கில் சாயலாம், அடுத்த அடி அங்கேதான் என்பதால் விரல் தானாக இடத்துக்கு வந்துவிடும். ஆறை அடித்து ஐந்தில் சாய்ந்தால் ஐந்தின் ஒலி அடங்கும். இது பல நேரம் நல்லதுதான், கீழ் ஸ்தாயியில் ச-வும் ப-வும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழையாமல் இருக்கும். நான்கை அடித்து மூன்றில் மட்டும் சாயவே கூடாது. மூன்றில் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும், அதன் கழுத்தை நீங்களே நெரிப்பீர்கள்.

சுண்டுவிரலை மேல்பலகையில் ஊன்றுவதா என்று ஒரு பழைய சண்டை இருக்கிறது. ஆரம்பத்தில் ஊன்றுங்கள், கை அலையாது. பலகையை அழுத்தாதீர்கள். மோதிரவிரல் தேவைப்படும் நாளில் அதை எடுத்துவிடலாம்.

இரண்டு விரல் பயிற்சிக்கு மெட்ரோநோமை 60-ல் வையுங்கள். வாயால் 'த க தி மி' சொல்லுங்கள், ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து. கட்டைவிரல் 'த'விலும் 'தி'யிலும் மட்டும் விழும். கம்பி வரிசை 5, 4, 6, 4. இரண்டு ஆவர்த்தனம் சொல்லி முடித்தால் நான்கு அடி. பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே இதை ஓட்ட முடிகிறவரை வேறு எதையும் சேர்க்க வேண்டாம். பிறகு ஆள்காட்டியால் ஒன்றாம் கம்பியை முதல் 'த'வில் சேர்த்துக் கிள்ளுங்கள். அடுத்து அதே கம்பியை 'க'வில் தனியாக. அதற்கடுத்து 'மி'யில். 'மி'யில் வாசித்த சுரத்தை அடுத்த 'த'வையும் தாண்டி நீளவிட்டால் அந்த ஹவாய் ஆட்டம் வந்துவிடும். இங்கேதான் பலருக்குக் கட்டைவிரல் நொண்டும்: ஆள்காட்டி இரண்டு தட்டுகளுக்கு நடுவே வந்ததும் கட்டைவிரலும் அதோடு சேர்ந்து தள்ளிப்போகும். வேகத்தைக் குறைத்தால் தீராது. பாட்டை நிறுத்திவிட்டு, கட்டைவிரலை மட்டும் ஓடவிட்டு, ஒரே ஒரு சுரத்தை ஒரே இடத்தில் சேர்த்துப் பழகினால் தீரும்.

கார்டு மாறும்போது கட்டைவிரல் வரிசையும் மாறும். டி7-க்கு மூன்றாம் கம்பியை 2-ஆம் ஃபிரெட்டிலும் இரண்டாம் கம்பியை 1-ஆம் ஃபிரெட்டிலும் பிடித்தால் போதும். கட்டைவிரல் 6, 4, 6, 4. திறந்த ஐந்தாம் கம்பியை அதில் தொடாதீர்கள், ஜி வந்து குழப்பும். சி-க்கு ஐந்தாம் கம்பி ஐந்தாம் ஃபிரெட்டில் அதன் ச கிடைக்கிறது.

இரண்டு விரலில் இத்தனை தூரம் வந்துவிட்டால் மெதுவான பாட்டு பாதி கைக்குள். ரே கானே என்ற ஸ்லாக் கீ கலைஞர் மாதிரி நிதானமாக வாசித்தவர்களின் பதிவுகளைக் கேட்டால், வேகத்தைவிட ஒவ்வொரு சுரத்துக்கும் விட்ட இடம்தான் காதில் நிற்கும். அதற்கு விரல் எண்ணிக்கை தேவையே இல்லை.

நடுவிரல் தேவைப்படும் இடம் இரட்டைச் சுரம். ஸ்லாக் கீயின் முக்கியமான சுவையே ஒன்றாம் கம்பியும் மூன்றாம் கம்பியும் கைகோத்து ஏறி இறங்குவது. டாரோ பேட்சில் இந்த ஐந்து ஜோடிகளையும் வாசித்துப் பாருங்கள். மூன்றாம் கம்பி 4-ஆம் ஃபிரெட், ஒன்றாம் கம்பி 5-ஆம் ஃபிரெட்; பிறகு அதே வரிசையில் 5-7, 7-9, 9-10, 11-12. கீழே க ம ப த நி போகும்போது மேலே ச ரி க ம ப வரும். இரண்டே விரல் என்றால் இதைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டியாலும் கிள்ள வேண்டும், அப்போது பேஸ் நின்றுபோகும். ஆள்காட்டி மூன்றிலும் நடுவிரல் ஒன்றிலும் இருந்தால் கட்டைவிரல் ஐந்தில் தன் பாட்டுக்கு ஓடும். நடுவில் ஒரு கம்பி விடுபடுகிறதே, மோதிரவிரல்தானே வசதி என்று தோன்றும். நான் நடுவிரல்தான் என்பேன். இரண்டு விரலுக்கும் பலம் சமமாக இருப்பதால் மேல் சுரத்தைக் கொஞ்சம் தூக்கி வாசிப்பது எளிது. மேல் சுரம் தூக்கலாக இல்லாவிட்டால் பாட்டு எது, துணை எது என்று தெரியாது.

தனிச்சுரமாக ஓடும் இடங்களில்தான் விரல் தேர்வு உண்மையில் சுவாரசியமாகிறது. ஒரே கம்பியில் வேகமாக இரண்டு சுரம் வந்தால் ஆள்காட்டி, நடுவிரல் என்று மாற்றி மாற்றி. இரண்டாம் கம்பியிலிருந்து ஒன்றுக்கு ஏறும்போது ஆள்காட்டி முதலில், நடுவிரல் அடுத்து, இறங்கும்போது நேர்மாறு. இது புரண்டு, ஆள்காட்டி ஒன்றாம் கம்பியிலும் நடுவிரல் இரண்டாம் கம்பியிலும் மாட்டிக்கொண்டால் கை கோணிக்கொள்ளும், அடுத்த சுரம் தாமதமாகும். பலர் அந்த இடத்தையே நூறு தடவை அடித்துப் பார்ப்பார்கள். பயன் இல்லை, ஏனென்றால் தவறு நான்கு சுரத்துக்கு முன்னால் இருக்கிறது. சங்கதியின் கடைசிச் சுரத்துக்கு எந்த விரல் வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி விரல் எழுதிக்கொண்டு வாருங்கள். பென்சிலால் சுரத்துக்கு மேல் 'ஆ', 'ந' என்று குறித்தால் போதும்.

பின்னோக்கி எழுதியும் முதல் சுரத்தில் கணக்கு உதைக்கிறதா? ஹேமர் ஆன் இருக்கிறது. இரண்டாம் கம்பியில் திறந்த க-வை மீட்டி, இடது கை விரலை முதல் ஃபிரெட்டில் தட்டினால் ம வந்துவிடும். அந்த ம-வுக்கு வலது கை தேவையில்லை. ஒரு மீட்டு குறைந்தவுடன் மீதி வரிசை முழுக்க ஒரு விரல் நகர்ந்துவிடும். அழுத்திய இடது விரலைச் சுண்டி எடுக்கும் புல் ஆஃப், இறங்கும்போது இதையே செய்யும். ஸ்லாக் கீயில் இந்த இரண்டும் ஏராளம். அழகுக்காக என்று மட்டும் நினைக்காதீர்கள், வலது கையின் முடிச்சை அவிழ்க்கவும் அவைதான் வழி. வீணையில் ஒரு மீட்டில் இரண்டு மூன்று சுரம் எடுக்கிற பழக்கம் இருப்பவர்களுக்கு இது சொல்லாமலே வரும்.

மோதிரவிரலுக்கு வருவோம். கையை மேசைமேல் வைத்து நடுவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு மோதிரவிரலைத் தூக்கிப் பாருங்கள். அசையாது. புறங்கையில் இந்த விரல்களை நீட்டும் தசைநாண்கள் குறுக்கிணைப்புகளால் கட்டப்பட்டிருக்கின்றன. பயிற்சியால் நிலைமை மேம்படும், முழு சுதந்திரம் கிடைக்காது. அதனால் தனிச்சுர ஓட்டத்தில் அதை நம்பாதீர்கள். அது வேண்டிய இடங்கள்: 3, 2, 1 மூன்றையும் ஒரே நேரத்தில் கிள்ளி கட்டைவிரலால் பேஸும் வைக்கும் முழுக் கார்டு; மூன்று கம்பியை வரிசையாக உருட்டும் இடம்; அப்புறம் இடது கை அழுத்தியிருக்கும் சுரத்துக்கு மணியோசை (ஹார்மோனிக்) எடுப்பது. கடைசியில் சொன்னதற்கு வலது ஆள்காட்டி நுனி, அழுத்திய ஃபிரெட்டுக்குப் பன்னிரண்டு ஃபிரெட் மேலே, ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே கம்பியைத் தொட்டு நிற்க வேண்டும். மீட்டுவது மோதிரவிரல். தொட்ட விரலை மீட்டிய உடனே எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் டொக்கென்று செத்த ஒலி. திறந்த கம்பிகளுக்கு 12, 7, 5-ல் இடது கையே தொட்டுவிடும் என்பதால் அங்கே இந்தச் சர்க்கஸ் தேவையில்லை.

வேலூர், காட்பாடி வட்டாரத்தில் ஸ்லாக் கீ பக்கம் வரக்கூடிய கைகள் ஏறக்குறைய மூன்று வகை. சர்ச் பாடகர் குழுவிலும் காலேஜ் ஹாஸ்டலிலும் பிக் வைத்து ஸ்ட்ரம் செய்து பழகியவை ஒன்று. அவர்களுக்கு அசைவு மணிக்கட்டிலிருந்து வரும், விரல் தூங்கும். மணிக்கட்டில் ஒரு கர்சீப்பைத் தளர்வாகக் கட்டி அது ஆடாமல் வாசிக்கச் சொல்லுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். இரண்டாவது, கிரேடு பரீட்சைக்குக் கிளாசிக்கல் படித்தவை. விரல் சுத்தமாக இருக்கும், ஆனால் 3, 2, 1-க்கு ஆள்காட்டி, நடு, மோதிரம் என்று கம்பிக்கு ஒரு விரல் ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டு முழுக்க ஒன்றாம் கம்பியில் போகிறபோது மிகப் பலவீனமான விரல்மேல் மொத்தச் சுமையும் விழும். இவர்கள் ஒரு மாதம் மோதிரவிரலுக்கு லீவு கொடுக்கலாம்.

மூன்றாவது வீணைக் கை. இதில்தான் கவனம் அதிகம் வேண்டும். வீணையில் ஆள்காட்டியும் நடுவிரலும் கீழ்நோக்கி மீட்டும், சுண்டுவிரல் தாளக் கம்பிகளை மேல்நோக்கி எடுக்கும். கிட்டாரில் மேல்நோக்கி வர வேண்டியது ஆள்காட்டியும் நடுவிரலும். தாளத்தை வைப்பது கட்டைவிரல். மூளைக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. பழகும்வரை நடுவிரலை விட்டுவிட்டு ஆள்காட்டியின் திசையை மட்டும் மாற்றுங்கள், இரண்டையும் ஒன்றாகத் திருப்பப் பார்த்தால் இரண்டும் கெடும். இன்னொரு விரலால் தாளம் வைத்துக்கொண்டே பாட்டை நடத்துகிற புத்தி இவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. கட்டைவிரல் சுதந்திரம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

நகம். நல்ல நகம் இருந்தால் ஒலி தெளிவாக, பளிச்சென்று வரும். நுனியிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும், அதற்கு மேல் கம்பியில் மாட்டும். ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் 1000 நம்பர் வாங்கி விளிம்பை இழைத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பு இருந்தால் சுற்றுக் கம்பியில் கீச்சென்று கேட்கும். ஆனால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு நகம் வளர்க்கும் வசதியே கிடையாது. ஆஸ்பத்திரியில் வேலை, நர்சிங் படிப்பு, லேப். நகம் ஒட்ட வெட்டியாக வேண்டும். கவலைப்பட ஒன்றுமில்லை, தளர்ந்த கம்பியில் சதை மீட்டு இனிமையாகவே இருக்கும். ஒலி மங்கலாகப் பட்டால் கையை பிரிட்ஜ் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். கட்டைவிரலுக்கு மட்டும் பிளாஸ்டிக் தம்ப்பிக் மாட்டிக்கொண்டு மற்றதைச் சதையில் விட்டால் பேஸ் பாட்டை விழுங்கிவிடும். மாட்டியே தீர வேண்டுமென்றால் அதன் நாக்கைப் பாதியாக வெட்டி, வாட்டர் பேப்பரால் உருட்டிவிடுங்கள். வளையம் இறுக்கமாக இருந்தால் வெந்நீரில் அரை நிமிடம் போட்டு விரித்து, ஆறும்வரை அப்படியே பிடித்திருங்கள்.

மற்ற டியூனிங்குகளில் எல்லை நகரும். ஜி வஹினே என்றால் டாரோ பேட்சில் மூன்றாம் கம்பியை இன்னும் அரைச்சுரம் இறக்குவது. ச இருந்த இடத்தில் காகலி நிஷாதம் வந்துவிடும். திறந்த நி-யை மீட்டி முதல் ஃபிரெட்டில் தட்டி ச-வுக்கு வருவதுதான் அதன் உயிர். மூன்றாம் கம்பியை அங்கே ஆள்காட்டிதான் எடுக்க வேண்டும். கட்டைவிரல் எடுத்தால் மீட்டு கனத்து, தட்டி வந்த ச அதற்குள் புதைந்துபோகும். சி வஹினேயில் ஆறாம் கம்பி சி-க்கு இறங்கும், ஆதார ஷட்ஜமம் அங்கே போகும். கட்டைவிரல் ஆறுக்கும் ஐந்துக்கும் இடையே ஆடுவதால் நான்காம் கம்பி அடிக்கடி அநாதையாக நிற்கும். அதை ஆள்காட்டி எடுத்துக்கொள்ளட்டும், நடுவிரல் 3, 2, 1-ஐப் பார்த்துக்கொள்ளட்டும். 37 சதவீதம் தளர்ந்த கம்பி இதுதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

சித்திரை வெயிலில் வேலூரில் உட்கார்ந்து இதையெல்லாம் செய்யும்போது விரல் வியர்த்து வழுக்கும். பவுடர் போட்டால் கம்பியில் அப்பி ஒலி செத்துவிடும். தோளில் ஒரு துண்டு போட்டுக்கொண்டு பாட்டுக்குப் பாட்டு கையைத் துடைப்பது மேல். கம்பியையும் அடியில் சேர்த்துத் துடையுங்கள், உப்பு பட்ட கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். இறக்கிய கம்பி உடனே நிலைக்காது, மெல்ல ஏறும். இறக்கியதும் ஃபேனை நேராக கிட்டார்மேல் படாமல் திருப்பிவிட்டு, ஐந்து நிமிடம் கட்டைவிரல் பயிற்சியை மட்டும் ஓட்டுங்கள். பிறகு வேண்டிய சுருதிக்குச் சற்றுக் கீழே இறக்கி, அங்கிருந்து ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்துங்கள். ஆறாம் கம்பியை முதலில் பாருங்கள், ஒன்றாவதைக் கடைசியில்.